மூன்று சிலிங் சில்லறை: சாமுவேல் பேக்கரும் அவருடைய துவக்கும்

விட்பியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர். ஒக்டோபர் பிறந்துவிட்டால் அவருடைய கராஜில் இரவு பத்து மணிவரை விளக்கெரியும். நவம்பர் மான் வேட்டைக்குத் தானே ரவை செய்துகொண்டிருப்பார். வெற்றுப் பித்தளைக் கோதை எடுத்து, அடியில் தீக்குமிழ் பொருத்தி, சின்னத் தராசில் மருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டை வைத்து அழுத்துவார். அவருடைய துவக்கு ஒரு தடவைக்கு ஒரு ரவைதான் கொள்ளும். ஒவ்வொரு துவக்குக்கும் பிடித்த மருந்தளவு ஒன்று உண்டாம். அதைத் தேடி, அரைக் கிரெயின் கூட்டிக் குறைத்து, கடதாசியில் சுட்டுச் சுட்டுப் பார்ப்பார். இவ்வளவு எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். இரண்டாவது வெடி கையில் இல்லாதவனுக்கு முதல் வெடி பிழைக்கக் கூடாது என்பதுபோல ஏதோ சொன்னார். எனக்கு உடனே சாமுவேல் பேக்கர் ஞாபகத்துக்கு வந்தார்.

நான் நுவரெலியாப் பக்கம் வளர்ந்தவன். ஹோட்டன் சமவெளியில் இருக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். பேக்கர் யாரென்று அன்று ஆசிரியர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இங்கு வந்த பிறகுதான் அவருடைய புத்தகங்களைத் தேடிப் படித்தேன்.

1821இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதுகூட நிரம்பாத 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்ற துவக்குத் தொழிலாளியிடம் தன் கணக்குப்படி ஒரு துவக்குச் செய்வித்தார். ஒற்றைக் குழல், வாய்வழி மருந்திட்டு இடிக்கும் வகை. நிறை 21 இறாத்தல், குழல் நீளம் 36 அங்குலம். உள்ளே இரண்டே வரிப்பள்ளங்கள். அவற்றில் பொருந்துவதற்காக உருண்டைக் குண்டைச் சுற்றி ஒரு வார் வைத்து வார்த்தார்கள். உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு 4 அவுன்ஸ். கரிமருந்து 16 டிராம், அதாவது முழுதாக ஒரு அவுன்ஸ். பக்கத்து வீட்டுக்காரர் போடுவதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு! கரிமருந்துக்கு இக்கால மருந்தின் வீச்சு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். வேகம் குறைவு என்பதால் பாரத்தால் ஈடுகட்டினார்கள்.

1846இல் இலங்கைக்கு வந்தார். ஓராண்டு காடுகளில் அலைந்து காய்ச்சலில் விழுந்து, உடல் தேற நுவரெலியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்தக் குளிர் அவரைப் பிடித்துக்கொண்டது. 1848இல் இங்கிலாந்திலிருந்து மாடு, ஆடு, வேட்டை நாய், கொல்லன், பண்ணையாட்கள் என்று ஒரு கிராமத்தையே கப்பலேற்றிக்கொண்டு வந்தார். யானையைக் கட்டிக் கலப்பை உழுதார். மதுவடிசாலையும் வைத்தார். யானையைச் சுட்டால் அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. அவர் எழுதியதைப் படிக்கையில் எண்ணிக்கை நெஞ்சை அடைக்கிறது. நல்ல எழுத்து, அதனால்தான் இன்னும் அடைக்கிறது.

மின்னேரியாக் குளக்கரையில் நடந்ததை நான் பலதடவை படித்திருக்கிறேன். காயப்பட்ட எருமைக் கடா ஒன்று அவரை நேரே பார்த்தபடி நின்றது. குண்டுகள் தீர்ந்துவிட்டன. தூரத்திலிருந்த சகோதரர் ஓடிவந்து மிச்சமிருந்த ஒற்றைக் குண்டைச் சுட்டார், பயனில்லை. கடா சகோதரர் பக்கம் திரும்பியது. பேக்கர் இரட்டிப்பு மருந்தைக் குழலில் கொட்டி, சட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, கூலியாட்களுக்குக் கொடுக்க வைத்திருந்த மூன்று சிலிங் சில்லறைக் காசை அதில் இறுக்கிச் சுற்றி உள்ளே இடித்தார். மிக நெருக்கத்தில் முகத்தில் சுட்டார். கடா விழுந்தது. பிறகு எழுந்து தள்ளாடிப் போனது. இருவரும் தப்பினார்கள்.

அந்தக் காசு யாருடைய எத்தனை நாள் உழைப்பு? பேக்கருக்கு அது எழவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்த தகப்பனின் மகனான எனக்கு எழாமல் இல்லை.

1855இல் இலங்கையை விட்டுப் போனார். அதே ஆண்டில் மனைவி இறந்தார். 1859இல் விதின் நகரத்து அடிமைச் சந்தையில் கண்டெடுத்த புளோரன்ஸ் பிறகு அவருடைய துணையானார். இருவருமாக நைல் நதியின் மூலத்தைத் தேடி, 1864 மார்ச் 14இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டார்கள். 1866இல் சேர் பட்டம் கிடைத்தது. பின்னர் எகிப்திய அரசுக்காக மேல்நைல் பகுதியில் அடிமை வியாபாரத்தை ஒடுக்க நான்கு ஆண்டுகள் போராடினார். அதற்கென்றே தனிக் கட்டுரை வேண்டும்.

ஆபிரிக்காவில் அவரிடம் 'பேபி' என்ற ஒற்றைக்குழல் துவக்கு இருந்தது. அரை இறாத்தல் வெடிகுண்டு போடும். பீரங்கியின் பிள்ளை என்று வேலையாட்கள் அரபியில் அழைத்ததன் சுருக்கம்தான் அந்தப் பெயர். உதைப்புக்கு அஞ்சி, பல ஆண்டுகளில் சுமார் இருபது வெடிதான் வைத்தார். ஒன்றும் பிழைக்கவில்லை. இலங்கை யானையை வீழ்த்திய நெற்றிவெடி ஆபிரிக்க யானையிடம் பலிக்கவில்லை என்பதையும் அங்கேதான் கற்றார்.

குண்டைப் பற்றி அவர் வந்து சேர்ந்த முடிவு 1890இல் வெளியான புத்தகத்தில் இருக்கிறது. மான், புலி போன்ற மென்தோல் விலங்குக்குத் தூய ஈயம்: உள்ளே போய்க் காளான்போல் விரிந்து, உடையாமல் மறுபக்கத் தோலடியில் நிற்கவேண்டும். யானைக்குக் கடினமாக்கிய குண்டு. முன்னர் ஒன்பது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு பாதரசம் கலந்து தானே வார்த்ததுண்டு. அப்போது நாகரிகமாயிருந்த துளைக்குண்டை அவர் வெறுத்தார். அது உள்ளே சிதறி, விலங்கைக் காயத்தோடு ஓடவிடும் என்பது அவர் குறை. 1893 டிசம்பர் 30இல் டெவனில் இறந்தார்.

இதையெல்லாம் கராஜில் நின்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் பாதரசத்தைத் தொடவே மாட்டேன் என்றார். பிறகு, அந்த எருமை பிழைத்ததா என்று கேட்டார்.