கெட்டுப்போன தொட்டியில் பாடம் கற்றவர்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பி விவசாயிகளே! பல்பரில் தோல் நீக்கித் தொட்டியில் போட்ட கொட்டை அதிகமாகப் புளித்து நாற்றமெடுத்தால், கழுவி விட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். லூயி பாஸ்டரின் கதையைக் கேளுங்கள்.

1822-ல் பிரான்ஸில் தோல் பதனிடும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் அவர். 1856-ல் லீல் நகரில் பீட்ரூட்டிலிருந்து சாராயம் எடுத்த ஆலையொன்றில் தொட்டிகள் புளித்துக் கெட்டன. உரிமையாளர் பாஸ்டரை நாடினார். நல்ல தொட்டி, கெட்ட தொட்டி இரண்டிலிருந்தும் சாறு எடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிட்டார் அவர். நல்லதில் உருண்டையான ஈஸ்ட். கெட்டதில் குச்சி போன்ற நுண்ணுயிர்கள். 1868-ல் பக்கவாதத்தால் இடப்பக்கம் பாதிக்கப்பட்டும் ஆய்வை விடவில்லை. பீர் கெடுவதற்கும் வேண்டாத நுண்ணுயிர்களே காரணம் என்று 1876-ல் நூல் எழுதினார். 1895-ல் மறைந்தார்.

உங்கள் தொட்டியிலும் நுண்ணுயிர்கள்தான் வேலை செய்கின்றன. முந்தைய நாள் கொட்டை ஒன்றுகூடத் தங்காமல் தொட்டியைக் கழுவுங்கள். கொட்டையைக் கையில் அள்ளித் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பு போய்ச் சரளைக்கல் போலச் சொரசொரத்தால் உடனே அலசுங்கள். குளிர் நாளில் இதற்கு நேரம் கூடும். போட்ட நேரம், அலசிய நேரம் இரண்டையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். ஒரு தொட்டி கெட்டால், எங்கே தவறினோம் என்பதை அந்தக் குறிப்பே காட்டும்.