மக்களைப் படித்த பேரறிஞர் அல்பிரூனி

நம் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்லும்போது பொறியியல், மருத்துவம், கணினி என்னும் பெயர்களே பெற்றோர் வாயில் முதலில் வருகின்றன. சமூகவியல் என்று ஒரு துறை உண்டு என்பதையும், அது அறிவியல் என மதிக்கப்படுவதையும் அறிந்தோர் சிலரே. மனிதர்கள் கூடி வாழும் முறையை, அதாவது குடும்பம், தொழில், திருமணம், சட்டம், சடங்கு, உயர்வு தாழ்வு ஆகியவற்றை, நேரில் கண்டும் ஒப்பிட்டும் காரணம் தேடியும் ஆராயும் துறை அது. இதற்கான பெயரை 1838ஆம் ஆண்டு வாக்கில் புழக்கத்திற்குக் கொண்டு வந்தவர் பிரான்சு நாட்டின் ஒகுஸ்த் கோம்த். அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் 1892இல் இதற்கென ஒரு துறையை ஏற்படுத்திற்று. நம் நாட்டில் 1919ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞரின் தலைமையில் இத்துறை தொடங்கிற்று.

பெயர் புதிது, பார்வையோ பழையது. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில், கி.பி. 1377இல், தமது முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூனை இத்துறையின் முன்னோடி என்று உலகம் ஒப்புக்கொள்கிறது. அவருக்கும் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, அதுவும் நம் இந்திய மக்களையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு, அப்பார்வையோடு ஒரு பெருநூல் செய்தவர் அபூரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பிரூனி ஆவார்.

அவர் ஹிஜ்ரி 362, கி.பி. 973இல் குவாரிஸ்ம் நாட்டில் காத் என்னும் தலைநகரின் புறத்தே பிறந்தார். அப்பகுதி இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ளது. பாரசீக மொழியில் பிரூன் என்றால் வெளிப்புறம். ஊருக்கு வெளியே பிறந்தவர் என்பதே அப்பெயரின் பொருள். இளமையில் அவருக்குக் கணிதமும் வானியலும் கற்பித்தவர் அரச குடும்பத்தைச் சேர்ந்த அறிஞர் அபூநஸ்ர் மன்சூர். கி.பி. 995இல் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, அவரை ஆதரித்த அரச குலம் வீழ்ந்தது. இருபத்திரண்டு வயது இளைஞர் ஊரை விட்டு ஓட நேர்ந்தது. அலைச்சலின் நடுவிலும் 997ஆம் ஆண்டு மே மாதச் சந்திர கிரகணத்தைக் காத் நகரிலிருந்து அவரும், பாக்தாதிலிருந்து அபுல்வஃபா என்னும் அறிஞரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு கண்டு குறித்தனர். ஒரே நிகழ்ச்சியை இரண்டு ஊர்களில் எந்நேரத்தில் கண்டனர் என்பதைக் கொண்டு அவ்விரு ஊர்களுக்கும் இடையேயுள்ள தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணக்கிட்டனர். தொலைபேசி இல்லாத காலத்தில் நடந்தது இது என்பதை வாசகர் மறவாதிருக்க வேண்டும்.

பின்னர் ஜுர்ஜான் நாட்டில் தங்கியிருந்தபோது, கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டி, பல சமுதாயங்களின் நாட்காட்டிகளையும் பண்டிகைகளையும் தொகுத்து ஆஸாருல் பாக்கியா என்னும் நூலை எழுதினார். பாரசீகர், யூதர், கிறித்தவர், அரபியர் என ஒவ்வொருவரும் ஆண்டை எங்ஙனம் கணக்கிடுகின்றனர், எந்நாளைக் கொண்டாடுகின்றனர் என்பதை அவர் வரிசைப்படுத்தினார். பிற்காலத்தில் இந்தியாவைப் பார்த்த கண் அந்நூலிலேயே திறந்துவிட்டது எனலாம்.

அவர் இந்தியாவுக்கு வந்தது விருப்பத்தினால் அன்று. பள்ளிப் பாடங்களில் கஜினி முகமது என நாம் படித்த சுல்தான் மஹ்மூத், 1017இல் குவாரிஸ்மைக் கைப்பற்றி அங்கிருந்த அறிஞர்களையும் தம்மோடு கஸ்னிக்குக் கொண்டு சென்றார். அவ்வாறு கொண்டு செல்லப்பட்டவர்களுள் அல்பிரூனியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. கைதியா, பணயமா, அவைப்புலவரா என்று வரையறுத்துச் சொல்ல இயலாத நிலை. தம் விருப்பம்போல் இயங்கும் உரிமை தமக்கில்லை என்பதை அவரே தம் நூலில் குறிப்பிடுகிறார். சுல்தானின் படையெடுப்புகளால் பஞ்சாபுக்கு வழி திறந்திருந்தது. அவ்வழியே சென்று பெஷாவர், ஜீலம், சியால்கோட், லாகூர், முல்தான் முதலிய ஊர்களின் அட்சரேகையைத் தாமே அளந்தார்.

மலையில் வாழும் நமக்கு அவருடைய செயல்களுள் ஒன்று தனிச்சுவை தரும். இன்றைய பாகிஸ்தானில், உப்பு மலைத்தொடரில் உள்ள நந்தனா கோட்டையில் தங்கியிருந்தபோது, கீழே விரிந்து கிடந்த சமவெளியை அவர் கண்டார். முதலில் சமவெளியில் ஈரிடங்களில் நின்று கோணம் அளந்து மலையின் உயரத்தைக் கணித்தார். பிறகு உச்சியில் ஏறி, தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். இவ்விரண்டையும் கொண்டு பூமியின் ஆரத்தையே கணக்கிட்டுவிட்டார்! கிடைத்த விடை இன்றைய அளவுக்கு நெருக்கமானது என்பர். நம் மலைச் சரிவின் விளிம்பில் நின்று கீழே பார்த்தோர் எத்தனையோ பேர்; அக்காட்சியைக் கணக்காக மாற்றியவர் அவர்.

மலையை அளந்த அதே நிதானத்தோடு மக்களையும் அளக்க முற்பட்டார். அதற்கு மொழி வேண்டும். நடுவயதைக் கடந்த பின்னர் சமஸ்கிருதம் பயிலத் தொடங்கினார். எழுத்தும் இலக்கணமும் தம்மை எவ்வளவு வருத்தின என்பதை மறைக்காமல் எழுதியுள்ளார். நூல்களைத் தேடித் தம் பொருளைச் செலவிட்டார்; பண்டிதர்களைத் தொலைவிலிருந்தும் வரவழைத்தார். முதலில் அவர்கள் முன் மாணவராக அமர்ந்தவர், நாளடைவில் வானியலின் அடிப்படைகளை அவர்களுக்கே விளக்கலானார். இதனை எந்த இந்திய ஆசானிடம் கற்றீர் என்று அவர்கள் வியந்து கேட்டனராம். பதஞ்சலியின் யோக நூலையும் சாங்கிய நூல் ஒன்றையும் அரபியில் மொழிபெயர்த்தார்.

இவற்றின் பயனாக, மஹ்மூத் காலமான 1030ஆம் ஆண்டை ஒட்டி முடிக்கப்பட்டதே கிதாபுல் ஹிந்த் என்று நாம் சுருக்கமாக அழைக்கும் நூல். அதில் எண்பது அத்தியாயங்கள் உள்ளன. பிற சமயத்தாரைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்ட நூல்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டதை எழுதின, அல்லது மறுப்பதற்கென்றே எழுதின. அல்பிரூனி தம் முன்னுரையிலேயே தம் நூல் வாதப் பிரதிவாத நூல் அன்று என்று அறிவித்துவிடுகிறார். கேட்டதைவிடக் கண்டது மேலானது என்று தொடங்கி, செய்தி சொல்வோர் எக்காரணங்களால் பொய் சொல்கின்றனர் என்று வகைப்படுத்துகிறார். தன்னலத்தால் பொய் சொல்வோர், தம் இனத்தின் மீதுள்ள பற்றாலும் பிற இனத்தின் மீதுள்ள பகையாலும் பொய் சொல்வோர், அறியாமையால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வோர் என அவ்வரிசை நீள்கிறது. இன்று ஆய்வு மாணவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லப்படுவதும் ஏறத்தாழ இதுவே.

அடுத்து அவர் செய்தது ஒப்பீடு. நான்கு வருணங்களை விவரித்து, அவற்றுக்கும் கீழே வைக்கப்பட்ட சலவையாளர், செருப்புத் தைப்பவர், கூடை முடைபவர், படகோட்டி, மீனவர், வேடர், நெசவாளர் முதலிய தொழிற்குழுவினர் ஊருக்கு அருகில், ஆனால் ஊருக்கு வெளியே குடியிருத்தப்பட்டதைக் குறிக்கிறார். அவர்களுக்குள்ளும் யார் யாருடன் மணவுறவு கொள்வதில்லை என்பது வரை கேட்டறிந்துள்ளார். மனிதர்களை இறையச்சத்தால் அன்றி வேறெதனாலும் வேறுபடுத்தாத இஸ்லாத்திலிருந்து இம்முறை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும் இது இந்தியரின் தனிக்குற்றம் என்று முடித்துவிடவில்லை. பழைய பாரசீகத்தில் அர்தஷீர் மன்னரும் மக்களை இவ்வாறு வகுத்து நிறுத்தியதை உடனே எடுத்துக்காட்டுகிறார். திருமண வழக்கங்களைச் சொல்லும்போது, அறியாமைக் காலத்து அரபியரிடம் இருந்த வழக்கங்களை மறைக்காமல் பக்கத்தில் வைக்கிறார்.

பசுவை உண்ணாமைக்கு அவர் காரணம் தேடும் இடம் படிக்கத் தக்கது. வெப்ப நாட்டில் அவ்விறைச்சி செரிக்காது என்பதனால் விலக்கினர் எனச் சிலர் அவரிடம் கூறினர். அவருக்கு அதில் முழு நிறைவில்லை. பசு சுமை இழுக்கிறது, உழவுக்கு உதவுகிறது, பால் தருகிறது, சாணமும் பயன்படுகிறது. ஆகவே பொருளாதாரத் தேவையே காரணமாயிருக்கலாம் என்று கருதுகிறார். ஈராக் நிலம் பாழாகிறது என்று மக்கள் முறையிட்டபோது ஹஜ்ஜாஜ் இதே தடையை விதித்ததையும் நினைவூட்டுகிறார். ஆயினும் இரண்டில் எது சரி என்று தாம் உறுதியாகச் சொல்ல இயலாது என்கிறார். ஒரு வழக்கத்தைக் கண்டு நகைக்காமல், வெறுக்காமல், அம்மக்களின் வாழ்க்கையில் அதற்கு என்ன வேலை என்று கேட்பதுதான் சமூகவியல்.

தென்னாட்டுக்கு அவர் வந்ததில்லை. இருப்பினும் நம்மைப் பற்றிய குறிப்பு அதில் உண்டு. இந்திய எழுத்து வகைகளைப் பட்டியலிடும்போது கன்னட, ஆந்திர எழுத்துகளோடு திராவிட நாட்டு எழுத்தையும் சேர்க்கிறார். தெற்கே நீண்ட ஓலைகளில் எழுதி, நடுவே துளையிட்டுக் கயிற்றில் கோத்துக் கட்டுவர் என்று நம் ஏட்டுச்சுவடியை விவரிக்கிறார். அது இராசேந்திர சோழன் ஆண்ட காலம்.

அவர் எழுதியவற்றுள் துணிவு மிக்கது வேறொன்று. மஹ்மூதின் படையெடுப்புகள் அந்நாட்டின் செழிப்பை அழித்துவிட்டன, மக்கள் சிதறுண்டனர், எஞ்சியோர் உள்ளத்தில் முஸ்லிம்கள் மீது ஆழ்ந்த வெறுப்பு விளைந்தது, அவர்களுடைய கல்வியும் படை எட்டாத காஷ்மீரத்திற்கும் காசிக்கும் ஒதுங்கிவிட்டது என்று பதிவு செய்தார். எழுதியவர் அந்தச் சுல்தானின் தலைநகரில் இருந்தார். ஆண்டவர் அவர் மகன். அதே பேனாவால், பண்டிதர்களின் தற்பெருமையையும் அயலாரைத் தீண்டத்தகாதவராக ஒதுக்கும் போக்கையும் கடுமையாகவே சாடினார். இருபுறமும் அவருக்கு நண்பர்கள் பெருகியிருக்க மாட்டார்கள்.

குறையும் உண்டு. அவர் பெரிதும் நம்பியது நூல்களையும் அவற்றைக் காத்த பண்டிதர்களையும். வயலில் உழுதவரும் ஊருக்கு வெளியே வாழ்ந்தவரும் தம் வாழ்வைப் பற்றி என்ன நினைத்தனர் என்பது அவர் பக்கங்களில் அரிதாகவே கேட்கிறது. களத்தில் இறங்கி எளியோரிடம் நேரே கேட்கும் முறை நம் நாட்டில் வேரூன்ற இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவருடைய நூலும் நெடுங்காலம் பலர் கண்ணில் படாமலே கிடந்தது; ஜெர்மானியர் எட்வர்டு சக்காவ் 1887இல் அரபி மூலத்தையும் அடுத்த ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்ட பிறகே உலகம் அதனை அறிந்தது.

கிதாபுல் ஹிந்தை முடித்த பின்னரும் அவர் ஓயவில்லை. வானியல் பெருநூலான கானூனுல் மஸ்ஊதியைச் சுல்தான் மஸ்ஊதின் பெயரால் ஆக்கினார். அதற்குப் பரிசாக யானைச் சுமை வெள்ளி வந்ததாகவும், தமக்குத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தாதுக் கற்களைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் முதுமையில் நூல்கள் செய்தார்.

ஹிஜ்ரி 440, கி.பி. 1048இல் கஸ்னியில் அவர் காலமானதாகக் கூறுவர். அவருடைய இறுதி நாளைப் பற்றி யாகூத் என்னும் வரலாற்றாசிரியர் ஒரு செய்தியைத் தருகிறார். மூச்சுத் திணறிக் கிடந்த அவரைக் காண ஃபிக்ஹு அறிஞர் ஒருவர் வந்தார். அல்பிரூனி அவரிடம், தாய்வழிப் பாட்டியருக்குரிய வாரிசுப் பங்கைப் பற்றி முன்பொரு நாள் அவர் சொன்ன கணக்கை மீண்டும் விளக்குமாறு வேண்டினார். இந்த நிலையிலா என்று வந்தவர் இரங்கினார். அதனை அறியாமல் உலகை விட்டுப் போவதைவிட அறிந்து போவது நல்லதல்லவா என்று நோயாளி கேட்டார். அறிஞர் விளக்கினார், அவர் அதனைத் திருப்பிச் சொல்லி மனத்தில் இருத்திக்கொண்டார். விடைபெற்று வெளியேறிய அறிஞர் தெருவைக் கடப்பதற்குள் வீட்டினுள்ளிருந்து அழுகுரல் எழுந்தது.