எலிகள் காட்டிய உண்மை

மரக்காணம் உப்பளங்களின் வெண்மை நண்பகலில் எவர் கண்ணையும் கூசச் செய்யும். பிறவியிலேயே நிறமியற்ற சிறுவன் ஒருவன் அவ்வொளியில் நெற்றிமேல் கைவைத்துக் கண்களை இடுக்கி நிற்பதையும், பெற்றோரின் முன்வினைப் பயன் என்று ஊரார் முணுமுணுப்பதையும் பெரிய முதலியார்சாவடியில் வாழும் நான் கண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

1892 நவம்பர் 5-இல் ஆக்ஸ்ஃபோர்டில், உடலியங்கியல் அறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் தங்கை நவோமியுடனும் நண்பர் ஸ்ப்ரண்டுடனும் எலிகளை இனக்கலப்புச் செய்து ஆராய்ந்தார். உடல் முழுதும் வெளுக்கச் செய்யும் மரபுக் கூறும், உரோமத்தை மங்கச் செய்து கண்ணை இளஞ்சிவப்பாக்கும் மரபுக் கூறும் பெரும்பாலும் சேர்ந்தே சந்ததிக்குச் செல்வதைக் கண்டனர். பாலூட்டிகளில் மரபணுப் பிணைப்புக்கு அதுவே முதல் சான்று. 1915-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது ஹால்டேன் படையில் பணியாற்றினார். ஸ்ப்ரண்ட் பிரான்சில் போரில் மாண்டிருந்தார்.

அவ்விரு மரபணுக்களும் மனிதரிடத்தும் உள்ளன. இரண்டில் எது பழுதுபட்டாலும் மெலனின் குறையும். மெலனின் குறைந்தால் விழித்திரையின் கூர்ந்து நோக்கும் மையப்பகுதி முழுமையாக வளராது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளும் வழிமாறும். எனவேதான் கண்ணாடி அணிந்தாலும் அச்சிறுவர்களின் பார்வை முழுமையாகத் தெளிவதில்லை. தாய், தந்தை இருவரும் பழுதான பிரதியை ஒவ்வொன்றாகச் சுமந்தால், பிறக்கும் குழந்தைக்கு இந்நிலை வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. சுமப்பவர்க்கு அது தெரிவதில்லை. நெருங்கிய உறவில் மணம் செய்யும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

1957-இல் ஹால்டேன் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்றார். ஆந்திரத்தின் உறவுமுறைத் திருமணங்களை ஆராயத் தம் மாணவரை ஊக்குவித்தார். 1962-இல் புவனேஸ்வரத்துக்குச் சென்று, 1964 டிசம்பர் 1-இல் புற்றுநோயால் காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.

அவர் எலிகளில் கண்டது வெளிவந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் முன்வினைப் பேச்சு ஓயவில்லை. அச்சிறுவனுக்கு வேண்டியவை அகன்ற தொப்பி, குளிர்க் கண்ணாடி, வகுப்பில் முன்வரிசை இருக்கை, பெரிய எழுத்திலான பாடநூல். இவற்றைத் தருவது நம் கையில்தான் இருக்கிறது.