ஏப்ரல் 27: தி. நகருக்குப் பெயர் தந்த கொருக்குப்பேட்டைக்காரர்

ஏப்ரல் 27 காலையில் போனில் 'வரலாற்றில் இன்று' என்று தட்டிப் பாருங்கள். மோர்ஸ் தந்திக் குறியீட்டைத் தந்த சாமுவேல் மோர்ஸ் பிறந்தது 1791இல் இதே நாளில்தான். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த யுலிசஸ் கிராண்ட், இந்தி சினிமாவில் நூறு வயதைத் தொட்டும் கலகலப்பு குறையாமல் இருந்த ஜோரா சேகல் ஆகியோரும் ஏப்ரல் 27 குழந்தைகளே. 1994இல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் முதல்முறையாக வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதும் இந்த நாளில்தான்.

இந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லாமல் சென்னையில் ஒரு தீபாவளி ஷாப்பிங்கூட நடக்காது. தி. நகரின் 'தி', அதாவது சர் பிட்டி தியாகராயர். 1852 ஏப்ரல் 27இல் கொருக்குப்பேட்டையில் பிறந்தவர். (பலர் இன்னமும் 'தியாகராஜ நகர்' என்றே எழுதுகிறார்கள். திருவையாற்று இசை மேதைக்கும் இந்தப் பேட்டைக்கும் சம்பந்தமே இல்லை.)

ரயில்வே கேட் போட்டால் பைக்கை ஆஃப் பண்ணிவிட்டுக் காத்திருக்கும் இடமாகத்தான் கொருக்குப்பேட்டையை இன்று பலருக்குத் தெரியும். தியாகராயர் பிறந்தபோது அங்கே ரயிலே கிடையாது. அவருக்கு நான்கு வயதானபோதுதான், 1856இல், பக்கத்து ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. அவர் பிறந்த அதே 1852இல் இன்னொரு விஷயமும் நடந்தது. கஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற வணிகர், கம்பெனி ஆட்சியிடம் மக்களின் குறைகளை எழுதிக் கேட்க 'சென்னை சுதேசி சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். மனு எழுதி, புள்ளிவிவரம் காட்டி, உரிமை கேட்கும் அரசியல் சென்னையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 64 ஆண்டுகள் கழித்து தியாகராயரும் அதே ஆயுதத்தைக் கையில் எடுத்தார்.

தறியும் தோலும்

தெலுங்கு பேசும் தேவாங்கர் சமூகம், நெசவுதான் குலத்தொழில். குடும்பத்துக்கு வசதி இருந்தது. மாநிலக் கல்லூரியில் 1876இல் பி.ஏ. முடித்தார். அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் அரசு உத்தியோகத்துக்கு நேர் வழி. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. நெசவு, தோல் பதனிடுதல் என்று தொழிலில் இறங்கினார். தென்னிந்திய வர்த்தக சபையை நிறுவியவர்களில் ஒருவர். 1910 முதல் 1921 வரை அதன் தலைவரும் அவர்தான்.

அவருக்கு நிஜமான ஆர்வம் மாநகராட்சியில் இருந்தது. 1882இல் உறுப்பினராக உள்ளே போனவர், சுமார் 40 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, வரி போன்ற சமாச்சாரங்களில் ஒரு மனிதர் இவ்வளவு காலம் ஈடுபாடு காட்டுவது அன்றும் அபூர்வம், இன்றும் அபூர்வம். 1919ஆம் ஆண்டின் புதிய நகராட்சிச் சட்டத்துக்குப் பிறகு, உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சியின் முதல் தலைவரும் அவரே. 'மேயர்' என்ற பட்டம் அப்போது இல்லை, அது 1933இல்தான் வந்தது.

வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. எந்த விழாவாக இருந்தாலும் அதே உடைதான். 'வெள்ளுடை வேந்தர்' என்ற பட்டம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

எண்கள் பேசிய அறிக்கை

தியாகராயர் ஆரம்பத்தில் காங்கிரஸ்காரர் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பிறகு ஏன் வெளியே வந்தார்? மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குடமுழுக்குக்கு 10,000 ரூபாய் நன்கொடை கொடுத்தும், மேடையில் அவருக்கு இடம் தரப்படவில்லை என்று ஒரு கதை இன்றும் பேச்சாளர்களால் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கும் கதைதான். ஆனால் ஒரு கட்சி பிறக்க ஒருவரின் மனவருத்தம் மட்டும் போதாது.

போதுமான காரணம் அரசாங்கத்தின் கணக்கிலேயே இருந்தது. 1912இல் சென்னை மாகாணத்தின் துணை கலெக்டர்களில் 55 சதவீதமும், மாவட்ட முன்சீப்களில் 72.6 சதவீதமும் பிராமணர்கள். மாகாண மக்கள்தொகையில் அவர்கள் பங்கு சுமார் 3 சதவீதம். ஆங்கிலம் படித்தால் வேலை, வேலை இருந்தால் அதிகாரம் என்று நாடே மாறிக்கொண்டிருந்தபோது, நெசவாளர், விவசாயி, வியாபாரி வீட்டுப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். சென்னைக்குப் படிக்க வந்தால் தங்க இடம் கிடைப்பதே பாடு. இதற்காகவே டாக்டர் சி. நடேசனார் 1916இல் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்ற விடுதியைத் திறந்தார்.

நடேசனார் செய்த இன்னொரு வேலை, எதிரும் புதிருமாக இருந்த இரண்டு பேரை ஒரே அறையில் உட்கார வைத்தது. ஒருவர் தியாகராயர். மற்றவர் டாக்டர் டி.எம். நாயர். மாநகராட்சிக் கூட்டங்களில் இருவரும் மோதாத விஷயம் குறைவு. திருவல்லிக்கேணி கோயில் குளத்துத் தண்ணீர்கூட அதில் அடக்கம். 1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் எத்திராஜ் முதலியார் வீட்டில் நடந்த கூட்டத்தில் அந்தப் பகை ஓரங்கட்டப்பட்டது. அடுத்த மாதமே தியாகராயரின் கையெழுத்தோடு 'பிராமணரல்லாதார் அறிக்கை' வெளியானது. ஆவேசம் குறைவு, எண்கள் அதிகம். எந்தப் பதவியில் யார் எத்தனை பேர் என்று கணக்குப்போட்டுக் காட்டிய அந்த முறைதான், பிற்பாடு இட ஒதுக்கீட்டு விவாதங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அமைப்பின் பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். 1917 பிப்ரவரியில் அது தொடங்கிய ஆங்கில நாளேட்டின் பெயர் 'ஜஸ்டிஸ்'. மக்கள் நீளமான பெயரை விட்டுவிட்டுப் பத்திரிகையின் பெயரையே கட்சிக்கு வைத்துவிட்டார்கள். தமிழில் அதுவே நீதிக்கட்சி ஆனது.

வேண்டாம் என்று சொன்ன பதவி

1920 நவம்பரில் மாகாணத்தில் முதல் பொதுத்தேர்தல். இதை இன்றைய தேர்தல்போலக் கற்பனை செய்ய வேண்டாம். சொத்து இருந்தால், வரி கட்டினால்தான் ஓட்டு. 4 கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர்கள் சுமார் 12.5 லட்சம் பேர். அதிலும் வந்து ஓட்டுப் போட்டவர்கள் 3 லட்சம் பேர்தான். பெண்களுக்கு ஓட்டே இல்லை; அதற்கான தீர்மானத்தை நீதிக்கட்சி ஆட்சியில் சட்டமன்றம் 1921 ஏப்ரலில் நிறைவேற்றியது. காந்தியின் அழைப்பை ஏற்றுக் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் நீதிக்கட்சிக்கு 63.

கவர்னர் வில்லிங்டன் முதல் அமைச்சராகும்படி தியாகராயரை அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். 68 வயது, கையில் கட்சி, எதிரே நாற்காலி. உட்கார்ந்திருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். தனக்குப் பதிலாகக் கடலூர் சுப்பராயலு ரெட்டியாரை முன்னிறுத்தினார். அவர் டிசம்பர் 17 அன்று பதவியேற்றார். உடல்நலம் கெட்டு அவர் விலகியதும், 1921 ஜூலையில் பனகல் அரசர் வந்தார்.

மாகாண அரசின் கையிலும் முழு அதிகாரம் கிடையாது. இரட்டையாட்சி என்று பெயர். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி இந்திய அமைச்சர்களிடம். நிதியும் போலீசும் கவர்னரின் ஆட்களிடம். அதாவது திட்டம் போடலாம், கஜானா சாவி வேறொருவரிடம். இந்த விஷயம் கடைசியில் திரும்ப வரும்.

ஒரே தேதியில் இரண்டு

நாள்காட்டியில் ஒற்றுமை தேடுபவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி. 1920 செப்டம்பர் 16 அன்று தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை ஏற்றது. ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி தர வேண்டும், ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது. சரியாக ஓராண்டு கழித்து, 1921 செப்டம்பர் 16 அன்று, அரசு வேலைகளில் எல்லாச் சமூகத்தாருக்கும் இடம் தர வழிசெய்யும் முதல் வகுப்புவாரி அரசாணை வந்தது. தமிழ்நாட்டு அரசியல் நூறாண்டுகளாகப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இரண்டு விஷயங்களுக்கும் பிறந்த நாள் ஒன்றே.

அந்த ஒரு அணா என்ன செய்தது? பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்கு வராது என்பது கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை தெருக்களில் வளர்ந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திட்டம் மேலும் சில பள்ளிகளுக்குப் போனது. அந்தப் பள்ளிகளில் 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924-25இல் 1,671 ஆனது. இரண்டே வருடத்தில் டபுள்.

கண்ணுக்குப் பக்கத்தில் தெரியாமல் போனது

தியாகராயரைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். 1921இல் பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலைநிறுத்தம். சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. கொருக்குப்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரம்.

ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள், ஆதிதிராவிடர்களுக்கு உதவிய அரசின் தொழிலாளர் துறைமீதுதான் பழியைப் போட்டார்கள். ஒடுக்கப்பட்டோரின் குரலாகக் கட்சியில் இருந்த எம்.சி. ராஜா 1923இல் வெளியேறினார். உத்தியோகத்தில் யார் எத்தனை பேர் என்று அவ்வளவு துல்லியமாக எண்ணிய கட்சி, தன் வரிசையின் கடைசியில் நின்றவர்களை எண்ணவில்லை. கட்சித் தலைவர் என்ற முறையில் தியாகராயருக்கும் இதில் பங்கு உண்டு.

கடைசி மாதம்

1923 தேர்தலில் நீதிக்கட்சி மறுபடி வந்தது, பலம் குறைந்து. அதே ஆண்டுவாக்கில் மாம்பலத்தில் ஏரி இருந்த இடத்தில் புதுக் குடியிருப்பு உருவாகத் தொடங்கியது. அதற்கு தியாகராயர் பெயர் வைக்கப்பட்டது. பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை என்று கூட்டாளிகளும் கூடவே குடியேறினார்கள். மாநகராட்சியில் அடித்துக்கொண்ட இருவரும் இன்று பக்கத்துப் பக்கத்துப் பெயர்ப் பலகைகள்.

1925 ஏப்ரல் 1 அன்று பள்ளிச் சிற்றுண்டித் திட்டம் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்யக்கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. சாவி வேறொருவரிடம் இருந்ததே, அந்தக் கதைதான். அதே மாதம் 27ஆம் தேதி தியாகராயருக்கு 73 வயது நிறைந்தது. மறுநாள், ஏப்ரல் 28, அவர் காலமானார்.

69 ஆண்டுகளுக்குப் பிறகு, இன்னொரு ஏப்ரல் 27. டர்பனை ஒட்டிய இனாண்டாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் 75 வயது நெல்சன் மண்டேலா தன் வாழ்வின் முதல் ஓட்டைப் போட்டார். காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு அங்கிருந்து பக்கம்தான். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் பேரன் பேத்திகளும் அன்று வரிசையில் நின்றார்கள். சொத்து கேட்கவில்லை, வரி ரசீது கேட்கவில்லை, தோலின் நிறம் பார்க்கவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் கிட்டத்தட்ட 2 கோடி பேர்.

தியாகராயர் பெயரில் வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபோது, தண்டையார்பேட்டைக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவில் திறந்த சுரங்க நிலையத்துக்கும் 'சர் தியாகராயா கல்லூரி' என்றே பெயர். கொருக்குப்பேட்டையிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள், கேட் திறந்த பிறகு, அங்கேதான் ரயில் ஏறுகிறார்கள்.