காதலைத் தள்ளிவைத்த நாடகாசிரியர் விசாகதத்தர்

சமஸ்கிருத நாடகம் என்றதும் காளிதாசரின் சகுந்தலைதான் நினைவுக்கு வருவாள். ஆசிரமம், மான்குட்டி, காதல், தொலைந்துபோன மோதிரம்!

விசாகதத்தரின் நாடகத்திலும் ஒரு மோதிரம் உண்டு. அது ஒரு மந்திரியின் முத்திரை மோதிரம். அந்த நாடகத்தில் காதலும் இல்லை, கதாநாயகியும் இல்லை. ஏழு அங்கங்களும் அரசியல்தான்!

விசாகதத்தர் அரசியலிலேயே பிறந்தவர். பாட்டனார் வடேசுவரதத்தர் ஒரு சிற்றரசர். தந்தை பாஸ்கரதத்தர் மகாராஜா பட்டம் பெற்றவர். அரண்மனையின் சூதுவாதுகளை இவ்வளவு நுட்பமாக எழுத அவரால் முடிந்ததில் வியப்பில்லை.

நாடகத்தின் கடைசி வாழ்த்தில் சில சுவடிகள் சந்திரகுப்தன் என்ற அரசனைக் குறிப்பிடுகின்றன. சில அவந்திவர்மன் என்கின்றன. வேறு சில தந்திவர்மன் என்கின்றன. ஆகவே, அவர் காலத்தை இரண்டாம் சந்திரகுப்தர் நாள் முதல் 9-ம் நூற்றாண்டு வரை ஆராய்ச்சியாளர்கள் பலவாறு கணிக்கிறார்கள்.

அவர் எழுதிய 'தேவி சந்திரகுப்தம்' சில துண்டுகளாகவே மிஞ்சியது. பட்டத்து ராணியைச் சகர் தலைவனிடம் ஒப்படைக்கச் சம்மதித்தான் ராமகுப்தன் என்ற அரசன். அவன் தம்பி சந்திரகுப்தன் பெண் வேடத்தில் போய்ச் சகனைக் கொன்றான். இதுதான் கதை. ராமகுப்தன் வெறும் கற்பனை என்று வாதாடிய அறிஞர்கள் உண்டு. 1969-ல் மத்தியப் பிரதேசத்தில், விதிஷா அருகே கிடைத்த சமணச் சிலைகளில் அவன் பெயர் இருந்தது!

முழுதாகக் கிடைத்த நாடகம் 'முத்திராராட்சசம்'.

எறும்பு காட்டிக் கொடுத்தது

நந்த வம்சத்தை அழித்து, பாடலிபுத்திரத்தில் சந்திரகுப்த மௌரியனை அரியணை ஏற்றிவிட்டான் சாணக்கியன். நந்தர்களின் மந்திரி ராட்சசன் பணியவில்லை. (ராட்சசன் என்பது பெயர்தான். ஆள் உத்தமன்!) மனைவி மக்களைச் சந்தனதாசன் என்ற ரத்தின வியாபாரியின் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு, மலயகேது என்ற இளவரசனுடன் சேர்ந்து படை திரட்டினான்.

சந்திரகுப்தனைக் கொல்ல ஆட்களும் அனுப்பினான். சிலர் படுக்கையறைச் சுவருக்குள் பதுங்கியிருந்தார்கள். சாணக்கியன் முதலில் உள்ளே போனான். சுவர் வெடிப்பிலிருந்து எறும்புகள் சோற்றுப் பருக்கையோடு வரிசையாக வந்தன. உள்ளே ஆள் இருக்கிறது! அறைக்குத் தீ வைக்கச் சொல்லிவிட்டான்.

ஒருநாள் சாணக்கியனின் ஒற்றன், யமபடம் காட்டிப் பாடும் பிச்சைக்காரனாகச் சந்தனதாசன் வீட்டுக்குப் போனான். வேடிக்கை பார்க்க ஒரு சிறுவன் வெளியே ஓடி வந்தான். உள்ளிருந்து ஒரு பெண்ணின் கை அவனைப் பிடித்து இழுத்தது. ஆண் விரலுக்குச் செய்த மோதிரம் அவள் விரலில் நிற்குமா? நழுவி உருண்டு ஒற்றனின் காலடியில் விழுந்தது.

ராட்சசனின் முத்திரை மோதிரம்!

அவ்வளவுதான். சாணக்கியன் ஒரு பொய்க் கடிதம் தயாரித்தான். ராட்சசனின் நண்பனையே, விஷயம் தெரியாமல் எழுத வைத்தான். அந்த முத்திரையையும் பதித்தான். கடிதத்தைக் கண்ட மலயகேது, ராட்சசன் துரோகி என்று நம்பி விரட்டினான். ராட்சசன் தன்னந்தனியன் ஆனான்.

சாணக்கியன் அவனைக் கொல்ல நினைக்கவில்லை. செத்துப்போன எஜமானருக்காக இத்தனை பாடுபடுகிறவனைச் சந்திரகுப்தனுக்கு மந்திரியாக்கவே அவ்வளவு சூழ்ச்சியும்!

கொலைக்களத்தில்

நண்பனின் குடும்பத்தைக் காட்டிக் கொடுக்க மறுத்த சந்தனதாசனைக் கழுவேற்ற உத்தரவாயிற்று. அவனை அழைத்துப் போகிறார்கள். மனைவியும் சிறு மகனும் அழுதுகொண்டே பின்னால் வருகிறார்கள். நாடகத்தில் மேடைக்கு வரும் ஒரே குடும்பப் பெண் இவள்தான்.

செய்தி கேட்ட ராட்சசன் கொலைக்களத்துக்கு ஓடி வந்தான். தன் உயிரை எடுத்துக்கொண்டு நண்பனை விடும்படி கேட்டான். சாணக்கியன் கேட்டது வேறு. சந்திரகுப்தனின் மந்திரி வாளை ஏற்றால் சந்தனதாசன் பிழைப்பான்.

உயிரைக் கொடுப்பது ராட்சசனுக்குச் சுலபம். நந்தர்களை அழித்தவனுக்குச் சேவகம் செய்வதுதான் கஷ்டம். நண்பனுக்காக அதற்கும் இசைந்து வாளை ஏற்றான்.

மலயகேதுவுக்கு அவன் நாடு திரும்பக் கிடைத்தது. சந்தனதாசன் வணிகர் தலைவன் ஆனான். கட்டுண்டவர்கள் எல்லாரும் அவிழ்த்துவிடப்பட்டார்கள். நந்தர்கள் மீது சபதம் செய்து குடுமியை அவிழ்த்திருந்த சாணக்கியன் மட்டும், அன்றுதான் அதை முடிந்துகொண்டான்.