தேயிலைக்கு வழிகோலிய ஜேம்ஸ் டெயிலர்

லக்கல முதலாய மாத்தளை மலைப்பகுதிகளில் வாழும் நம் மாணவர் அறியவேண்டிய வரலாறு ஜேம்ஸ் டெயிலருடையது. ஸ்கொத்லாந்திலே 1835இற் பிறந்த அவர், பதினாறு வயதில் இலங்கைக்கு வந்தார். கண்டியை அடுத்த லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இலே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பியை நோய் பற்றியது 1869இல். முன்னரே மாற்றுப்பயிர் தேடியமை அவர்தம் மதிநுட்பமாம்.

தொடக்கத்தில் பங்களாத் தாழ்வாரத்து மேசைமீது கொழுந்தைக் கையாலே உருட்டி, களிமண் அடுப்பிற் கரிநெருப்பிட்டு உலர்த்தினர். பின்னர், 1872இல், தொழிற்சாலையும் உருட்டும் பொறியும் அமைத்தார். பொறி விரைந்து உருட்டியது மெய்யே. ஆயினும் பதமறிந்து கொழுந்து கிள்ளியவை தமிழ்த் தொழிலாளரின் விரல்கள். டெயிலரைப் புகழ்வோர் இதனை மறத்தல் முறையன்று என்பது எம் கருத்து.

நாற்பதாண்டு உழைத்தவரை 1892இலே தோட்டத்தைவிட்டு விலகுமாறு நிர்வாகம் பணித்தது. அவ்வாண்டே வயிற்றுளைவு நோயால் லூல்கந்துரையிலேயே இறந்தார். அவருடல் கண்டி மகியாவ மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது.