டேவிட் கிர்க்கால்டி

பாலங்கள் நம்மைத் தாங்குகின்றன. பாலங்களை இரும்பு தாங்குகின்றது. அவ்விரும்பு எவ்வளவு இழுவிசையைப் பொறுக்கும்? இவ்வினாவிற்கு முன்னாளில் பலர் ஊகத்தாலேயே விடை கூறினர். ஊகம் பொய்த்தால் உயிர்கள் மாளும். இக்குறையைப் போக்க உழைத்த பெரியார் டேவிட் கிர்க்கால்டி.

அவர் 1820ஆம் ஆண்டு ஸ்காத்லாந்திலுள்ள டண்டீ நகரில் பிறந்தார். கிளாஸ்கோ நகரில் இராபர்ட் நேப்பியரின் பொறித் தொழிற்சாலையில் பணியாற்றினார். கொதிகலன்களுக்குத் தேனிரும்பு ஏற்றதா, எஃகு ஏற்றதா என்று ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1858 முதல் 1861 வரை நூற்றுக்கணக்கான துண்டுகளை இழுத்து முறித்து ஆராய்ந்தார். ஒரே தேனிரும்பு, மெல்ல முறிந்தால் நார்நாராகவும், திடீரென முறிந்தால் மணிமணியாகவும் தோன்றுவதைக் கண்டார். இழுக்கும் முறையும் முடிவை மாற்றும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

நெம்புகோலில் எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றிச் சோதிக்கும்போது சிறு அதிர்ச்சி உண்டாகும். வார்ப்பிரும்பு போன்ற நொறுங்கும் பொருள்கள் நீண்டு கொடுப்பதில்லை. அதிர்ச்சி தாங்காமல் சட்டென முறியும். ஆகவே, நீரழுத்தத்தால் சிறிது சிறிதாக இழுத்து, அவ்விசையை நெம்புகோலால் தனியே அளக்கும் எந்திரம் ஒன்றை அவர் வகுத்தார். தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, லீட்ஸ் நகரில் அதனைச் செய்வித்தார். அதன் நீளம் ஏறத்தாழ 48 அடி. எடை 116 டன். இழுவிசை 10 இலட்சம் பவுண்டு. சிறு துண்டுகளை மட்டுமன்றி, பாலத்தின் முழு உறுப்புகளையும் அதில் இட்டுச் சோதிக்கலாம். 1866ஆம் ஆண்டு இலண்டனில் அவரது சோதனைச்சாலை திறக்கப்பட்டது.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவு, பெரும் புயலில் டே ஆற்றுப் பாலம் இடிந்தது. அதன்மேல் சென்ற புகைவண்டியில் இருந்தோர் அனைவரும் மாண்டனர். பாலத்தின் உறுப்புகள் கிர்க்கால்டியிடம் சோதனைக்கு வந்தன. இரும்பு நல்லதாகவே இருந்தது. ஆனால், தூண்களோடு சேர்த்து வார்க்கப்பட்ட காதுகள், எதிர்பார்த்ததினும் மிகக் குறைவாக, சுமார் 20 டன் விசையிலேயே முறிந்தன. திருகாணி அழுந்திய இடத்தில் விசை குவிந்ததே அதற்குக் காரணம். பொருள் நல்லதாயினும் அமைப்பு தவறினால் கேடு விளையும் என்பதை உலகம் அறிந்தது.

கருத்துகளை அன்று, மெய்ம்மைகளையே நம்ப வேண்டும் என்னும் கொள்கையைத் தம் சோதனைச்சாலை வாயிலிலேயே அவர் பொறித்து வைத்தார். அதனால் விரும்பாத முடிவையும் மறைக்காமல் உரைத்தார். 1897ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவரது எந்திரம் இலண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. சோதித்து அறிந்தபின் துணிவதே அறிவுடைமை என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.